டிரம்மில் தண்ணீர் இருந்தும் பிரஷர் வாஷர் ஏன் திக்குகிறது?

காருக்குப் பக்கத்தில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர். தோட்டத்துக்குப் பயன்படுத்தும் ஹோஸின் ஒரு முனை அதற்குள், மறுமுனை, தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீச்சிக் கழுவும் பிரஷர் வாஷரில். சுவிட்சைப் போட்டு, தண்ணீர் பீச்சும் கன்னின் டிரிகரை அழுத்தினால் மூன்று நொடி நல்ல வேகத்தில் அடிக்கிறது. பிறகு துப்புகிறது, நிற்கிறது, மறுபடி துப்புகிறது. மோட்டார் சத்தம் ஏறி இறங்குகிறது. முதல்முறை இப்படி ஆனபோது நான் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். கன்னைக் கழற்றினேன், நாஸில் துளையில் ஊசி விட்டுப் பார்த்தேன், மறுபடி மாட்டினேன். அரை மணி நேரம் போனது. கடைசியில் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டிரம்முக்கும் மெஷினுக்கும் நடுவில் அந்தப் பச்சை ஹோஸ் ரிப்பன் மாதிரி தட்டையாக ஒட்டிக் கிடந்தது. மோட்டாரை நிறுத்தியதும் மெல்ல உப்பி, பழையபடி உருண்டையானது.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கன், நாஸில், 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு, ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் தாங்கும் தடித்த ஹோஸ் என்று தண்ணீர் வெளியே போகிற பக்கத்தைத்தான் நாம் எல்லோரும் கவனிக்கிறோம். டிரம், கேன், தொட்டி எதிலிருந்து கழுவினாலும் தொல்லை பெரும்பாலும் பிறப்பது தண்ணீர் உள்ளே வருகிற பக்கத்தில். ஒரு பார் அழுத்தம்கூட இல்லாத அந்த ஒன்றிரண்டு மீட்டர் வழியில். அதைச் சரியாக அமைத்துவிட்டால் குழாயில் மாட்டியது போலவே மெஷின் ஓடும்.

தண்ணீரைத் தள்ளுவது யார்?

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பிஸ்டன் பின்னால் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். டிரம்மின் நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் தண்ணீரை அந்த இடத்துக்குள் தள்ளிவிடுகிறது. உறிஞ்சு பம்புகள் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தது 17ஆம் நூற்றாண்டில் பெரிய புதிராக இருந்தது. இத்தாலியின் டோரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து அதை விளக்கினார். நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னார். அந்தக் கடலின் எடை பாதரசத்தை 76 செ.மீ. உயரத்துக்குத் தாங்கும். அதைவிட 13.6 மடங்கு லேசான தண்ணீரை 10.3 மீட்டர் வரை தாங்கும். அதற்கு மேல் எந்தப் பம்ப் எவ்வளவு முக்கினாலும் தண்ணீர் ஏறாது.

ஆக, கடல் மட்டத்தில் டிரம்மிலிருந்து மெஷினுக்குத் தண்ணீரைக் கொண்டுவர நம் கையில் இருக்கும் மொத்த முதல் இந்த 10.3 மீட்டர்தான். 2000 மீட்டர் உயரமுள்ள மலையூரில் அது சுமார் 8 மீட்டராகக் குறைந்துவிடும். குழாயில் நேரடியாக மாட்டும்போது இதற்கு மேல் இன்னொரு 2 அல்லது 3 பார் கிடைக்கிறது. 20, 30 மீட்டர் உயரத்தில் தொட்டி கட்டி வைத்ததற்குச் சமம் அது. அந்தச் செழிப்பில் ஹோஸ் சன்னமாக இருந்தாலும், ஃபில்டர் பாதி அடைத்திருந்தாலும் தெரியாது. டிரம்முக்கு மாறியதும் எல்லாக் குறையும் ஒன்றாக வெளியே வருகிறது.

பத்து மீட்டர் தாராளம்தானே, தரையில் இருக்கிற டிரம்மிலிருந்து அரை மீட்டர் ஏற்ற எவ்வளவு ஆகிவிடும் என்று தோன்றும். உயரத்துக்கு மட்டும்தான் செலவென்றால் கவலையே இல்லை. இந்தப் பம்ப் தண்ணீரைக் குடிக்கும் விதம்தான் சிக்கல்.

வீட்டுப் பிரஷர் வாஷரில் பெரும்பாலும் மூன்று சிறிய பிஸ்டன்கள் இருக்கும். சாய்வாகச் சுழலும் ஒரு தட்டு அவற்றை மாறி மாறி அழுத்தும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே விடும் வால்வு ஒன்று, வெளியே விடும் வால்வு ஒன்று. மோட்டாரோடு நேரடியாக இணைந்து நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடும் பம்ப் என்றால் ஒரு பிஸ்டன் நொடிக்கு 46 முறைக்கு மேல் மடக்கு எடுக்கிறது. மூன்றும் சேர்ந்து சுமார் 140 மடக்கு. நிமிடத்துக்கு 6 லிட்டர் மெஷினில் ஒரு மடக்கு 0.7 மில்லிலிட்டர்தான், ஒரு தேக்கரண்டியில் ஏழில் ஒரு பங்கு. அந்தத் துளித் தண்ணீர் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் சிலிண்டரை நிரப்பியாக வேண்டும். ஹோஸுக்குள் நிற்கும் நீர்த்தண்டு முழுவதும் ஒவ்வொரு மடக்குக்கும் வேகமெடுத்து, தணிந்து, மறுபடி வேகமெடுக்க வேண்டும். மூன்று பிஸ்டன் இருப்பதால் இந்தத் துடிப்பு கொஞ்சம் சமனாகிறது, முழுக்கப் போவதில்லை. ஹோஸ் நீளமாக நீளமாக அசைக்க வேண்டிய தண்ணீரின் எடையும் கூடும். உறிஞ்சும் ஹோஸ் குட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு உராய்வைப் போலவே இதுவும் காரணம்.

தண்ணீர் சரியான நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் மேலும் விழுகிறது. ஒரு எல்லைக்குக் கீழே போனால் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். 20 டிகிரியில் அந்த எல்லை 0.023 பார். 40 டிகிரியில் 0.074, 60 டிகிரியில் 0.2. நீராவிக் குமிழிகள் பிறந்து, பிஸ்டன் திரும்பி வந்து அழுத்தும்போது படபடவென்று உடைகின்றன. கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு கரகரப்பு கேட்கும். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் வால்வையும் உலோகச் சுவரையும் நுண்ணிய உளி கொண்டு செதுக்குவது போல அரிக்கும். இது ஒரே நாளில் மெஷினைக் கொல்லாது, ஆனால் ஆயுளைத் தின்றுவிடும். வெயிலில் சுட்ட தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான். உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று பல வீட்டு மெஷின்களின் கையேட்டில் போட்டிருக்கும். கறுப்பு டிரம் வெட்டவெளியில் நின்றால் நடுப்பகலுக்குள் அந்த எல்லையை நெருங்கிவிடலாம். காலையிலேயே கழுவுங்கள், இல்லையென்றால் டிரம்மை நிழலில் வையுங்கள்.

இன்னொன்று. எல்லா மெஷினும் தானாக உறிஞ்சும்படி செய்யப்பட்டதல்ல. தொட்டியிலிருந்து உறிஞ்சலாமா, எத்தனை மீட்டர் வரை என்று கையேட்டில் இருக்கிறதா எனப் பாருங்கள். உறிஞ்சக் கூடாது என்று போட்டிருந்தால் பின்னால் சொல்லும் உயரத் தொட்டி அல்லது துணைப் பம்ப் வழிதான் உங்களுக்கு.

எவ்வளவு தண்ணீர்?

இந்தக் கணக்கு எளிது. பம்ப் ஒரு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து தள்ளும். அழுத்தத்தை உண்டாக்குவது சுமார் 1 மி.மீ. அகலமுள்ள நாஸில் துளை. 100 பாரில் அந்தத் துளையை விட்டுத் தண்ணீர் நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது, அதாவது மணிக்கு சுமார் 500 கி.மீ. வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர் எடுக்கும்.

டிரிகரை அழுத்தியிருக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். சிறிய காருக்கு முதல் அலசல் 2 நிமிடம், சக்கரங்களுக்கும் மட்கார்டு உட்பக்கத்துக்கும் 2 நிமிடம், ஷாம்பு போட்டபின் அலச 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 6 லிட்டர் மெஷினில் 42 லிட்டர். அடியில் எடுக்க முடியாமல் தங்கும் தண்ணீரையும் சேர்த்தால் 50 லிட்டர் டிரம் போதும். சாதாரண ஹோஸை நிமிடத்துக்கு 15 லிட்டர் வேகத்தில் பத்து நிமிடம் திறந்துவிட்டால் 150 லிட்டர் ஓடிவிடும். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து கழுவ வேண்டிய இடத்தில் பிரஷர் வாஷர் எவ்வளவு பெரிய உதவி என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரியும். ஒரே ஒரு 20 லிட்டர் கேனை நம்பி இறங்குவது மட்டும் சரிப்படாது. 3 நிமிடம் 20 நொடியில் அது காலி, காரில் ஷாம்பு நுரை காய்ந்துகொண்டிருக்கும்.

டிரம்மை எங்கே வைப்பது

முடிந்தால் மெஷினை விட உயரத்தில். ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.1 பார்தான் கூடும். குழாயோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் அந்த 0.1 பாரின் பலன் அதன் அளவை விடப் பெரிது. தண்ணீர் தானாகவே மெஷினின் வாய்க்கு வந்து நிற்கும். ஹோஸில் காற்று தங்காது. இணைப்பில் எங்காவது சின்னக் கசிவு இருந்தால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். டிரம் கீழே இருந்தால் அதே கசிவு காற்றை உள்ளே இழுக்கும், வெளியில் ஒரு ஈரம்கூடத் தெரியாது.

உயர்த்தும்போது எடையை மறக்கக் கூடாது. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. பிளாஸ்டிக் ஸ்டூல், அடுக்கிய செங்கல் எதையும் நம்பாதீர்கள். குழந்தைகள் நடமாடும் இடமென்றால் டிரம்மைத் தரையிலேயே வைத்துவிட்டு, உறிஞ்சும் ஹோஸை நன்றாக அமைப்பதுதான் மேல்.

டிரம்மின் அடிப்பக்கம் துளையிட்டு வால்வு மாட்டுவதா, மேலிருந்து ஹோஸை உள்ளே விடுவதா? அடிப்பக்கம் மாட்டுவதையே நான் எப்போதும் விரும்புவேன். தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் இணைப்பு நனைந்தே இருக்கும், நிரப்பிவிட வேண்டிய வேலை இல்லை. வால்வை அடித்தட்டோடு ஒட்டாமல் மூன்று நான்கு செ.மீ. மேலே வையுங்கள். அடியில் படியும் மண் அங்கேயே கிடக்கட்டும்.

மூடியை இறுக்கி மூடிவிட்டுக் கழுவ ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. தண்ணீர் இறங்க இறங்க உள்ளே காற்று நுழைய வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும் காற்றையே நாம் வெளியே பூட்டிவிட்டோம் என்று அர்த்தம். சன்னமான பிளாஸ்டிக் கேனாக இருந்தால் பக்கங்கள் உள்நோக்கிக் குழிந்து, டப்பென்று மடங்கும். மூடியில் ஒரு சிறு துளை போதும், அதன் மேல் வலைத்துணி கட்டினால் தூசியும் கொசுவும் போகாது.

ஹோஸும் மூட்டும்

முழு அமைப்பிலும் செலவழிக்கத் தகுந்த ஒரே பொருள் உறிஞ்சும் ஹோஸ். தோட்ட ஹோஸ் உள்ளிருந்து வெளியே வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. அதை வெளியிலிருந்து காற்று அமுக்கினால் மென்மையான சுவர் மடங்கிவிடும், வெயிலில் இளகியிருந்தால் இன்னும் சீக்கிரம். சுவருக்குள் கம்பியோ கெட்டியான பிளாஸ்டிக் சுருளோ ஓடும் உறிஞ்சு ஹோஸ்தான் வேண்டும். கையால் அழுத்திப் பாருங்கள், சப்பையாகக் கூடாது.

அகலம் அடுத்தது. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும்போது அரை இன்ச் ஹோஸில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 8 செ.மீ. உயரத்துக்குச் சமமான அழுத்தம் உராய்விலேயே போய்விடும். முக்கால் இன்ச்சில் அது ஏறத்தாழ 1 செ.மீ. கால் இன்ச் அகலம் கூடியதற்கு இழப்பு ஏழில் ஒரு பங்காகிறது. ஐந்து மீட்டர் அரை இன்ச் ஹோஸ் என்றால் தரையிலிருந்து இன்னும் 40 செ.மீ. ஆழத்திலிருந்து உறிஞ்சுவதற்குச் சமம். அதோடு விடாமல் துடிப்பும் சேர்ந்துகொள்ளும். முக்கால் இன்ச் அகலம், இரண்டு மூன்று மீட்டர் நீளம், வளைவு நெளிவு இல்லாத பாதை. வீட்டு மெஷினுக்கு இது போதும்.

ஹோஸ் அகலமாக இருந்தும் நடுவில் சன்னமான ஒரு இணைப்பைப் போட்டுக் கெடுப்பதும் நடக்கிறது. அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் குவிக் கனெக்டரைச் சொல்கிறேன். அதன் நடுத்துளையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஹோஸை விடப் பாதிதான் இருக்கும். அதைவிடப் பெரிய குறை அதன் ரப்பர் வளையம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அது விரிந்து நன்றாக அடைத்துக்கொள்ளும். உறிஞ்சும்போது அந்த உதவி இல்லை, வளையத்தின் ஓரமாகக் காற்று நுழைகிறது. தொட்டியிலிருந்து எடுக்கும் வேலைக்கு மரையுள்ள இணைப்பு, டெஃப்லான் டேப், ஹோஸைச் சுற்றி இறுக்கிய கிளாம்ப், இந்த மூன்றையும்தான் நான் நம்புவேன். மெஷின் வாயில் மட்டும் கனெக்டர் தவிர்க்க முடியவில்லை என்றால் புது வளையம் போட்டு, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு மூட்டின் மேலும் ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும் நொடிகளில் பீச்சு சீராகி, நிறுத்தியதும் மறுபடி திக்கினால் கசிவு அங்கேதான். காற்றுக்குப் பதிலாக அந்தத் தண்ணீரையே அது உறிஞ்சிக்கொண்டது. மின் இணைப்புப் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்து ஊற்றுங்கள்.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு அடி நீளத்துக்காவது கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸ் இருந்தால் பெரிய நிம்மதி. நான் அப்படி மாற்றிய நாளில்தான் உள்ளே நடப்பதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கும்போது ஹோஸ் காலி போலவே தெரியும், அவ்வளவு தெளிவு. கிளாம்ப்பை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பி, ஹோஸின் மேல் ஓரமாக ஊர்ந்து, பம்பின் வாயருகே ஒன்றுகூடி ஒரு கோலிக்குண்டு அளவானதும் உள்ளே போனது. அதே கணம் கன்னில் ஒரு திக்கல். ஒரு கோலிக்குண்டுக்கு ஒரு திக்கல் என்று கணக்குத் தவறாமல் நடந்தது.

காற்றை முதலில் வெளியேற்றுங்கள்

காற்று ஏன் இவ்வளவு தொல்லை செய்கிறது? தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் முன்னால் வரும்போது வெளி வால்வைத் திறந்துகொண்டு போயே தீரும். காற்று இருந்தால் அது சுருங்கி நிற்கும். வெளிப்பக்கம் ஏற்கெனவே அழுத்தத்தில் இருந்தால் அந்த வால்வு திறக்காது. பிஸ்டன் பின்னால் போனதும் அதே காற்று மறுபடி விரிந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும், புதுத் தண்ணீருக்கு இடமிருக்காது. பம்ப் மணிக்கணக்கில் ஓடினாலும் அதே காற்றைச் சுருக்கி விரித்துக்கொண்டே இருக்கும். ஏர் லாக் என்று சொல்வது இதைத்தான்.

அப்படியானால் தீர்வும் இதிலேயே இருக்கிறது. காற்று வெளியேறும் நேரத்தில் வெளிப்பக்கம் அழுத்தமே இருக்கக் கூடாது. கன்னிலிருந்து நீளக் குழலையும் நாஸிலையும் கழற்றிவிடுங்கள். உறிஞ்சும் ஹோஸை டிரம்முக்குள் முழுவதும் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது ஹோஸ் நிறையத் தண்ணீர். முனையை விரலால் அடைத்தபடி வெளியே எடுத்து, மெஷினில் மாட்டுங்கள். டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே சுவிட்சைப் போடுங்கள். முதலில் நுரையும் காற்றுமாகத் துப்பும், சில நொடிகளில் சீரான தண்டாகத் தண்ணீர் கொட்டும். குமிழி நின்றபின் மோட்டாரை நிறுத்தி நாஸிலை மாட்டுங்கள்.

அரை நிமிடத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பம்பின் சீல்களுக்கு உயவும் குளிர்ச்சியும் அந்தத் தண்ணீரேதான். உலர்ந்து ஓடினால் சூடேறி, சீல் கருகிவிடும். நிறுத்தி, ஹோஸை மறுபடி நிரப்பித் தொடங்குங்கள். மேலிருந்து ஹோஸ் விடுகிறவர்கள் அதன் அடிமுனையில் தண்ணீரை மேல்நோக்கி மட்டும் விடும் ஒருவழி வால்வான ஃபுட் வால்வு ஒன்றை மாட்டிக்கொண்டால் ஒருமுறை நிரப்பிய தண்ணீர் திரும்ப இறங்காது. கெட்டியான ஹோஸ் டிரம்முக்குள் சுருண்டு மேலே மிதக்கும், ஃபுட் வால்வின் பக்கத்தில் ஏதாவது எடையைக் கட்டுங்கள். தண்ணீர் குறையும்போது முனைக்கு மேலே சுழி விழுந்து, அதன் நடுவழியாகவும் காற்று போகும். முனைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் இருக்கும்போதே நிறுத்திவிட்டு நிரப்புவது நல்லது.

குழாய் இருந்தாலும் டிரம் உதவும்

தண்ணீர் வசதி இல்லாத இடத்துக்கு மட்டும்தான் டிரம் என்று நினைக்க வேண்டாம். குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் வருகிறது, மெஷினுக்கு 7 வேண்டும் என்றால், நேரடியாக மாட்டிய பம்ப் அரைவயிற்றோடுதான் ஓடும். முன்னே சொன்ன கரகரப்பு அங்கேயும் வரும். நடுவில் 60 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, குழாய் அதை நிரப்பட்டும், மெஷின் அதிலிருந்து எடுக்கட்டும். பற்றாக்குறை நிமிடத்துக்கு 3 லிட்டர். டிரிகரை விடாமல் அழுத்தினாலும் 20 நிமிடம் ஓடும். நடுவில் ஷாம்பு தேய்க்கும் நேரமெல்லாம் டிரம் நிரம்பிக்கொண்டே இருப்பதால் உண்மையில் தண்ணீர் தீரவே தீராது. மிதவை வால்வு போட்டால் வழிந்து வீணாவதும் இல்லை.

இதில் இரண்டு நுணுக்கம். நிரப்பும் குழாயின் முனை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். டிரம்மில் இருக்கிற அழுக்கோ ரசாயனமோ குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகாமலிருக்க இந்த இடைவெளிதான் பாதுகாப்பு. ஆனால் மேலிருந்து விழும் தண்ணீர் குமிழிகளைக் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கும். அதனால் உறிஞ்சும் முனைக்கு எதிர்ப்பக்கத்தில், டிரம்மின் உட்சுவரில் வழிந்து இறங்கும்படி விடுங்கள்.

டிரம்மைக் கிட்டத்தில் வைக்க முடியாதபோது அதற்குள் ஒரு சிறிய முங்கு பம்ப்பைப் போட்டு, அங்கிருந்தே தள்ளிவிடலாம். தள்ளும் பக்கத்துக்குச் சாதாரண ஹோஸே போதும், சப்பையாகாது. மெஷின் எடுப்பதை விடக் கால்வாசியாவது அதிகம் தரும் பம்பாகப் பாருங்கள். எந்த அமைப்பானாலும் சோதனை ஒன்றுதான். மெஷினில் மாட்டும் முனையை, மெஷின் வாய் இருக்கும் அதே உயரத்தில் பிடித்து 10 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 6 லிட்டர் மெஷினுக்கு 75 நொடிக்குள் நிரம்பினால் கவலை இல்லை. தரையிலிருக்கும் டிரம்மிலிருந்து மெஷினே உறிஞ்சும் அமைப்புக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே தெளிவான ஹோஸ்தான் சாட்சி.

எந்தத் தண்ணீர்

மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. அதில் கரைந்த சுண்ணாம்பு மிகக் குறைவு, காய்ந்தபின் கறுப்புக் காரில்கூட வெள்ளைப் புள்ளி விழாது. உப்புத்தண்ணீர் மட்டுமே இருக்கிற இடத்தில் முழுக் காரையும் அதில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு கேன் மழைநீரை ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும். கடல்நீர் வேண்டாம், பம்புக்கும் ஆகாது, காருக்கும் ஆகாது.

மழைநீரோடு கூரையின் மண்ணும் வரும், வெளிச்சம் புகும் டிரம்மாக இருந்தால் பாசியும் பிடிக்கும். மெஷின் வாயில் இருக்கும் சின்ன வலை ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் பச்சை வழுவழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் தோல் போல உரிந்து வரும். வலை பாதி அடைந்தாலே பம்ப் பட்டினி. தப்பித்து உள்ளே போகும் ஒரு மணல் துகள் வால்வின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் அந்த வால்வு மூடாது, மூன்றில் ஒரு பிஸ்டன் சும்மா ஓடும், பீச்சு விட்டுவிட்டு வரும். அதனால் டிரம்மின் உள்முனையிலேயே உள்ளங்கை அளவு பரப்புள்ள வலை ஒன்றைக் கட்டிவிடுங்கள். பரப்பு பெரிதாக இருந்தால் தண்ணீர் மெதுவாக நுழையும், சீக்கிரம் அடையாது. ரசாயனமோ எண்ணெயோ இருந்த பழைய டிரம்மை எவ்வளவு கழுவினாலும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஷாம்புவை டிரம்மிலேயே கலந்துவிட்டால் வேலை சுருங்கும் என்று சிலர் செய்கிறார்கள். டிரம் முழுக்க நுரை, அந்த நுரையைப் பம்ப் உறிஞ்சினால் அதுவும் காற்றுதான். சீலுக்கும் நல்லதல்ல. ஷாம்பு கன்னோடு மாட்டும் நுரைப் புட்டியில் இருக்கட்டும்.

வண்டியில் தொட்டி ஏற்றிக்கொண்டு போய்க் கழுவுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பாதி நிரம்பிய தொட்டிதான் ஆபத்து, பிரேக் போடும்போது தண்ணீர் மொத்தமாக முன்னால் பாயும். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள தொட்டி வாங்குங்கள். பேட்டரியில் ஓடும் கைத்துப்பாக்கி வகைக் கருவிகளுக்கு இந்தத் தலைவலிகள் குறைவு. 20, 25 பார் அழுத்தம், நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் என்ற அளவில் பக்கெட்டிலிருந்தே எடுக்கும்படிதான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. காய்ந்த சேற்றுக்குப் போதாது, தூசிக்குப் போதும்.

மின்சாரத்தில் ஓடும் மெஷின் என்றால் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம். டிரம் கவிழ்ந்தாலும் நனையாத உயரத்தில் பிளக் இருக்கட்டும். காரின் பெயிண்டுக்கு மேலிருக்கும் தெளிவான பூச்சு 40, 50 மைக்ரான்தான், நாஸிலை 30 செ.மீ. தள்ளியே பிடியுங்கள், சுழன்றடிக்கும் நாஸிலைக் காரின் மேல் காட்டவே வேண்டாம்.

கழுவி முடித்ததும் மோட்டாரை நிறுத்தி, டிரிகரை ஒருமுறை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விடுங்கள். உறிஞ்சும் ஹோஸைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டால் உள்ளே பாசி பிடிக்காது. உப்புத்தண்ணீர் ஓட்டியிருந்தால் கழற்றும் முன் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரை பம்ப் வழியாக விட்டுவிடுங்கள். வலை ஃபில்டரை அப்போதே அலசி மாட்டிவிடுங்கள், காய்ந்த படலம் அடுத்த வாரம் பிரஷ் போட்டாலும் போகாது.